நிலத்தடி நீரும் ஜனாஸாவும்

கேள்வி இதுதான்: "கொள்ளைநோய் வந்தால் இனம், மதம், கட்சி எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு மக்கள் ஒன்றாகத்தானே நிற்க வேண்டும்? கொவிட் காலத்தில் ஏன் நேர்மாறாக நடந்தது? இதற்குக் காரணம் படிப்பறிவுக் குறைவா? விஞ்ஞானத்தைச் சரியாக எடுத்துச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்குமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தீர்ந்திருக்காது. இலங்கையில் விஞ்ஞானம் ஆரம்பத்திலேயே சரியாகத்தான் சொல்லப்பட்டது. அது எல்லோர் கண் முன்னாலும் கிடந்தது. கிடந்தும், ஏறத்தாழ பதினொரு மாதம் ஒரு நாட்டின் அரசு அதற்கு எதிராக நடந்தது. படித்தவர்கள் அதற்குக் காரணம் கற்பித்தார்கள்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன். ஊரில் 'பி.எச்.ஐ. ஐயா' என்பார்கள். நோயாளி வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டுவது, யார் யாரோடு பழகினார்கள் என்று பட்டியல் எடுப்பது, நடுச்சாமத்தில் அம்புலன்ஸுக்கு ஒழுங்கை காட்டுவது எல்லாம் எங்கள் வேலை. உலகம் முழுவதற்கும் பொதுவாகப் பேசாமல், நாங்கள் 'ஜனாஸா எரிப்பு' என்று சொல்லும் அந்த ஒரு விடயத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஜனாஸா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் இறந்தவரின் உடல். உங்கள் கேள்வி முழுவதும் அதற்குள் இருக்கிறது.

இலங்கையில் முதல் கொவிட் மரணம் 2020 மார்ச் 28. இரண்டு நாள் கழித்து நீர்கொழும்பில் ஒரு முஸ்லிம் இறந்தார். அவர் உடல் எரிக்கப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டலில் அடக்கம் செய்யவும் இடமிருந்தது. மார்ச் 31ல் அதைத் திருத்தி, தகனம் மட்டுமே என்றார்கள். ஏப்ரல் 11ல் அது அரச இதழான வர்த்தமானியில் சட்டவிதியாகவே வந்துவிட்டது. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடைக்காப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் ஒருவர் கையொப்பமிட்டாலே போதும், நாடு முழுவதற்கும் விதி ஆகிவிடும். அன்றைக்கு நாட்டில் கொவிட்டால் இறந்தவர்களின் எண்ணிக்கை பத்தைக்கூடத் தொடவில்லை.

உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24லேயே எழுதிவிட்டது: கொவிட்டில் இறந்தவரைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம், தொற்றுநோயில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்பது பரவலான ஒரு தப்பெண்ணம் மட்டுமே. உலகில் ஏறக்குறைய எல்லா நாடுகளும் அப்படியே செய்தன. இலங்கையில் சொன்ன காரணம் வேறு. புதைத்தால் வைரஸ் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்றார்கள்.

இந்த இடத்தில் என் தொழிலைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் மணல் நிலம். எட்டு, பத்தடி தோண்டினாலே தண்ணீர் வரும் இடங்கள் உண்டு. புதிதாக வீடு கட்டுபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது மலசலகூடக் குழி எங்கே, கிணறு எங்கே என்றுதான். இரண்டுக்கும் நடுவே ஐம்பதடி வேண்டும். நிலத்தடி நீர் கெடுவதைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் சேவைக்காலத்தில் பாதி அந்தப் பயத்தோடேயே போனது. நீரால் பரவுபவை கொலரா, தைபொயிட், வயிற்றோட்டம். கொவிட் மூச்சால் பரவுவது. வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேண்டும், மனிதன் இறந்தால் அதற்கும் வழி அடைபட்டுவிடுகிறது.

ஒரு பேச்சுக்கு, நீரில் கலக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதலில் அஞ்சவேண்டியது யாருக்கு? உயிரோடிருக்கும் நோயாளிகளுக்குத்தான். அவர்களின் மலத்தில் வைரஸின் கூறுகள் இருந்ததை அப்போதே கண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளும் தொடர்பாளர்களும் வீடுகளிலும் முகாம்களிலும் பதினான்கு நாள் இருந்து, நாள்தோறும் அதே மலசலகூடக் குழிகளைப் பாவித்தார்கள். அந்தக் குழிகளை மூடச் சொல்லி ஒரு சுற்றுநிருபமும் எங்களுக்கு வரவில்லை. ஆறடி ஆழத்தில், உறையில் சுற்றி, பெட்டியில் வைத்துப் புதைக்கப்போகும் பத்துப் பன்னிரண்டு உடல்கள்தான் நாட்டின் தண்ணீருக்கு ஆபத்து என்றார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பேராசிரியராக இருக்க வேண்டாம். குழி அளக்கும் நாடா பிடித்தவனுக்கே விளங்கும்.

அப்படியிருக்க அந்தக் காரணம் ஏன் எடுபட்டது? அது விழுவதற்கு நிலம் முன்பே உழப்பட்டுக் கிடந்தது.

2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கொத்துரொட்டியில் வெள்ளைக் கட்டி ஒன்று கிடந்தது. சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்று கதை கட்டினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்துவிட்டு, அது வெறும் மாவுக்கட்டி என்று அறிக்கை கொடுத்தார். கொத்துரொட்டி போடத் தெரிந்த எவரும் தட்டில் மாவுக்கட்டி பார்த்திருப்பார்கள். அடுத்த ஆண்டு, இஸ்லாமியத் தீவிரவாதிகள் தேவாலயங்களில் குண்டு வைத்த ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாதத்தில், குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. அவரைச் சிறையில் வைத்தார்கள். ஆண்டுகள் கழித்துக் குற்றமற்றவர் என்று வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சாப்பாடு, கருப்பை, பிறகு தண்ணீர். ஒரு கூட்டத்தைப் பற்றிய பயம் எப்போதும் இப்படி உடம்புக்குள் போகிற வழியில்தான் வந்து உட்காருகிறது. 1349இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், பிளேக் நோய் அந்த ஊரை எட்டுவதற்கு முன்பே, கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்று சொல்லி யூதர்களை உயிரோடு எரித்தார்கள். அறுநூற்றெழுபது ஆண்டு கழித்து, ஆய்வுக்கூடம், பல்கலைக்கழகம், நிபுணர் குழு எல்லாம் உள்ள நாட்டில் அதே பயம் 'நிலத்தடி நீர் மாசு' என்று மரியாதையான பெயரோடு வந்தது. பழைய வதந்தி வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தால் அதை அடையாளம் காண்பது கடினம். அதனால்தான் நான் இதைப் படிப்பறிவுப் பிரச்சினை என்று சொல்வதில்லை.

இதைப் பற்றி மனவியலாளர்கள் செய்த இரண்டு ஆய்வுகள் எனக்கு மிகவும் உதவின. ஒன்று, 1970ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹென்றி டாஜ்பெல் செய்தது. போலந்தில் பிறந்த யூதர், யுத்தத்தில் சிறைப்பட்டுக் குடும்பத்தை இழந்தவர். பதினான்கு, பதினைந்து வயதுப் பள்ளிப் பையன்களை எடுத்து, இரண்டு ஓவியர்களில் யாரைப் பிடித்தது என்பது போன்ற ஒன்றுமில்லாத காரணத்தைச் சொல்லி இரண்டு அணியாகப் பிரித்தார். பிறகு பெயர் தெரியாத மற்றப் பையன்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னார். பையன்கள் தங்கள் அணிக்குக் கூடக் கொடுத்ததில் அதிசயமில்லை. தங்கள் அணிக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்ற அணியைவிட வித்தியாசம் பெரிதாக இருக்கவேண்டும் என்று அவர்களில் பலர் பங்கிட்டதுதான் என்னை உலுக்கியது. நமக்கு நட்டமானாலும் அவனுக்கு அதைவிட நட்டம் வேண்டும். இதற்கு வரலாறும் வேண்டாம், பகையும் வேண்டாம், அணி என்ற பெயர் ஒன்று போதும். வரலாறும் இரத்தமும் உள்ள நாட்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மற்றது 2013இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் கஹனும் கூட்டாளிகளும் செய்தது. ஒரு சிறிய கணக்கு அட்டவணை. சிலருக்கு அது தோல் பூச்சு மருந்து பலித்ததா என்ற கணக்காகக் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதே எண்கள், துப்பாக்கித் தடையால் குற்றம் குறைந்ததா என்ற கணக்காகக் கொடுக்கப்பட்டன. தோல் மருந்து என்றபோது கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியாகச் சொன்னார்கள். துப்பாக்கி என்றதும், விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக இருந்தால் சரியாகச் சொன்னார்கள், பாதகமாக இருந்தால் பிழைவிட்டார்கள். கணக்குத் திறமை கூடக்கூட இரு கட்சிக்காரருக்கும் இடையிலான இடைவெளியும் கூடியது. அறிவு அங்கே நீதிபதியாக இருக்கவில்லை, சட்டத்தரணியாக மாறி வாங்கிய வழக்குக்கு வாதாடியது. 2020இல் அதே நாட்டில் முகக்கவசம் கட்சிச் சின்னமாக மாறியபோது நடந்ததும் இதுதான். ஏப்ரல் 3ஆம் திகதி துணிக்கவசம் அணியுங்கள் என்ற பரிந்துரையை அறிவித்த அதே கூட்டத்தில் அந்நாட்டு ஜனாதிபதி ட்ரம்ப் தான் அணியப்போவதில்லை என்றார். அதன் பிறகு ஒரு துணி யார் எந்தப் பக்கம் என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லத் தொடங்கிவிட்டது.

ஒரு கூற்று ஒருமுறை அணிச் சின்னமாகிவிட்டால், 'இது உண்மையா?' என்ற கேள்வி போய் 'இது யார் பக்கம்?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதன் பின் கூற்றை வாபஸ் வாங்குவது தோல்வியாகிறது. இலங்கையில் அதுதான் நடந்தது. 2019 நவம்பரில் ஈஸ்டர் தாக்குதலின் கோபத்தையும் பயத்தையும் பிடித்துக்கொண்டு வந்த அரசு அது. பாராளுமன்றத் தேர்தல் இன்னும் பாக்கி இருந்தது. 'அவர்களுக்காக வளைந்துகொடுக்க மாட்டோம்' என்பது வாக்குச் சீட்டில் எழுதாத வாக்குறுதி. 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டும் 20ஆம் திருத்தத்துக்கு எதிர்க்கட்சி வரிசையில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் கைகொடுத்தார்கள். எரிப்பு நிற்கவில்லை. டிசம்பர் 1ஆம் திகதி, முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த மனுக்களை உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவால், காரணம் கூறாமலே, விசாரணைக்கு எடுக்க மறுத்தது. ஒரு வாரம் கழித்து, பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தை பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரிக்கப்பட்டது.

இதே டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காளி அம்மன் சொன்ன மருந்து என்று தேனும் சாதிக்காயும் கலந்த பாணி மருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். குடித்தால் கொவிட் வராது என்றார். ஆயிரக்கணக்கான சனம், கூட்டம் கூடக்கூடாது என்ற எங்கள் விதியை மிதித்துக்கொண்டு வரிசையில் நின்றது. சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன் அதைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று வந்தது. அவர் சுகப்பட்டார், அது நல்ல விடயம். நான் சொல்ல வருவது வேறு. ஒரு பாணிக்கு நிபுணர் குழு வேண்டியிருக்கவில்லை. ஒரு அடக்கத்துக்கு மட்டும் 'நிபுணர்கள் சொல்லும்வரை பொறுங்கள்' என்றார்கள். ஒரே அமைச்சு, ஒரே மாதம், இரண்டு அளவுகோல். விதி விஞ்ஞானத்தால் வந்ததா, அணியால் வந்ததா என்று அறிய வேறு சோதனை தேவையில்லை. அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

இதனால் வந்த சுகாதாரக் கேடு பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, ஆகவே அதைச் சொல்கிறேன். 2021 ஜனவரியில் ஒரு முஸ்லிம் ஊரில், கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் ஒருவருக்குத் தொற்று, ஆகவே இவர்களும் பட்டியலில் இருந்தார்கள். முன் விறாந்தையில் மகன் நின்றார், முப்பது வயது இருக்கும். உள்ளே இருமல் கேட்டது. யார் என்றேன். வாப்பா, தடிமன் மட்டும்தான் என்றார். அந்த இருமல் தடிமன் இருமல் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒக்சிஜன் அளவு பார்க்கவேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"கொண்டு போகலாம் ஐயா. வாப்பா மௌத்தானா எங்கட கையில தருவீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அதை அந்த முற்றத்தில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே சேலைத் திரைக்குப் பின்னால் உம்மா அழுவது கேட்டது. ஒரு முஸ்லிமுக்கு, இறந்த உடலைக் குளிப்பாட்டி, கபன் என்னும் வெள்ளைத் துணி சுற்றி, தொழுகை நடத்தி, மண்ணுக்குக் கொடுப்பது உயிரோடிருப்பவர் இறந்தவருக்குச் செய்துதீர வேண்டிய கடன். எரிப்பது அவர்கள் கண்ணில் உடலை வதைப்பது. வீட்டில் வைத்திருந்தால் சாகலாம், ஆனால் மண் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்கலாம், பிழைக்காவிட்டால் நெருப்பு. அந்த மகன் கணக்குத் தெரியாதவர் இல்லை. கணக்கை அப்படி ஆக்கிவைத்தவர்கள் நாங்கள்.

அவர் நான்கு நாள் தாமதித்தார். அந்த ஒழுங்கையில் இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை இருமல் கதவுக்குப் பின்னால் மறைந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. மறைந்த ஒவ்வொரு இருமலும் இன்னொருவருக்குத் தொற்றியிருக்கும். அந்த இன்னொருவர் சிங்களவராகவோ தமிழராகவோ இருந்திருக்கலாம். நோயைக் கட்டுப்படுத்தப் போட்ட விதி நோயைப் பதுங்கச் செய்தது. டாஜ்பெல்லின் பையன்கள் பணத்தை இழந்தார்கள், நாங்கள் உயிர்களை இழந்தோம்.

இங்கே நான் சிங்களப் பெரும்பான்மையை மட்டும் சுட்டிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. எங்கள் தமிழ் வீடுகளிலும் பேச்சு நடந்தது. என் அக்கா ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "எல்லாரும் எரிக்கிறாங்கள்தானே, அவங்களுக்கு மட்டும் என்ன பிடிவாதம்?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. யுத்தகாலத்தில் எங்கள் இரண்டு சமூகமும் ஒருவருக்கொருவர் செய்த கொடுமைகள் அந்த ஒரு வரிக்குள் இருந்தன. நான் அவளிடம் கேட்டேன்: "அக்கா, அப்பாவ எரிக்கக்கூடாது, புதைக்கத்தான் வேணுமெண்டு ஒரு சட்டம் வந்து, கொள்ளி வைக்க என்னை விடாட்டி நீ என்ன செய்வாய்?" அவள் பதில் சொல்லவில்லை. கறியை மட்டும் கூடப் போட்டாள். வடக்கிலும் கிழக்கிலும் எங்களுக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. கொவிட் செயலணிக்குத் தலைமை தாங்கியவர் இராணுவத் தளபதி. இராணுவ வண்டியில் ஏறித் தனிமைப்படுத்தல் முகாமுக்குப் போ என்றால், 2009ஐக் கண்ட சனத்துக்கு அது எப்படிக் கேட்கும்?

2021 பெப்ரவரி 25ல் வர்த்தமானி மூலம் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. ஆனால் எங்கே? முதலில் இரணைதீவு என்றார்கள். 1992இல் கடற்படையால் வெளியேற்றப்பட்டு, 2017இல் போராட்டம் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் இருந்து, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறிப் போய்த் தீவை மீட்டுக்கொண்ட தமிழ்க் கத்தோலிக்க மீனவர்களின் மண் அது. அவர்களைக் கேட்காமல், நாடு முழுவதும் இறக்கும் முஸ்லிம்களை அங்கே கொண்டுவந்து புதைக்கப்போகிறோம் என்றார்கள். சனம் தெருவுக்கு வந்தது. எரிக்கப்பட்டவர்களும் இடம்பெயர்க்கப்பட்டவர்களும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கும்படி ஒரு முடிவு. அது வேண்டுமென்றே செய்ததா, அலட்சியமா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் வரைபடத்தில் விரல் வைத்தவர் அந்த மண்ணின் கதையை ஒரு தடவை கேட்டிருந்தால் விரல் வேறிடம் போயிருக்கும்.

சரி, விதி எப்படி மாறியது? ஆதாரத்தால் மாறியது என்று சொல்ல ஆசைதான். இலங்கையில் பிறந்து ஹொங்கொங்கில் பணியாற்றிய மலிக் பீரிஸ், 2003இல் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்தவர்களில் முதன்மையானவர், கொவிட் நீரால் பரவும் நோய் அல்ல என்று தெளிவாகச் சொன்னார். சமுதாய மருத்துவர்கள் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் 2020 முடிவிலும் 2021 தொடக்கத்திலும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று அறிக்கை விட்டன. அரசு நியமித்த இரண்டாவது நிபுணர் குழுவே இரண்டையும் அனுமதிக்கலாம் என்றது. அதன் பிறகும் ஜனவரியில் பாராளுமன்றத்தில் 'முடிவில் மாற்றமில்லை' என்றார்கள். பெப்ரவரியில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடியது, இலங்கை மீதான தீர்மானத்தை எதிர்க்க முஸ்லிம் நாடுகளின் வாக்கு தேவைப்பட்டது, பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்துபோனார், அடுத்த நாள் வர்த்தமானி வந்தது. வாசலைத் திறந்தது அரசியல்.

ஆனால் ஆதாரம் வீணாகவில்லை என்றுதான் நினைக்கிறேன். சிங்களப் பெயருள்ள மருத்துவர்கள் கையெழுத்திட்டபோது, அடக்கம் கேட்பது 'முஸ்லிம் கட்சி'யின் கோரிக்கை என்ற முத்திரை கழன்றது. அந்தக் குழந்தையை எரித்த பிறகு கொழும்பு பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்ட வந்தவர்களில் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். கபன் துணியின் வெள்ளை அது. கட்டியவற்றை அகற்றினார்கள், வேறு ஊர்களிலும் கட்டினார்கள். 2021 பெப்ரவரி 3 தொடக்கம் 7 வரை கிழக்கின் பொத்துவிலிலிருந்து வடக்கின் பொலிகண்டி வரை தமிழர்கள் நடந்த பேரணியில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் ஒரு கோரிக்கை. எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களைக் கடக்கும்போது சனம் தண்ணீர்ப் போத்தலோடு வந்து சேர்ந்துகொண்டது. அந்த இரண்டு சமூகமும் ஒரே தெருவில் ஒரே கோஷத்தோடு நடந்ததை நான் என் நடுவயதில்தான் கண்டேன். அணியை உடைப்பது எதிரணியின் வாதம் இல்லை. சொந்த அணிக்குள்ளிருந்து ஒருவர் எழுந்து 'இது பிழை' என்று சொல்வதுதான்.

கடைசியில் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில் மஜ்மா நகர் என்ற இடத்தில் காணி ஒதுக்கப்பட்டது. 2021 மார்ச் 5ல் முதல் நல்லடக்கம். கொழும்பில் இறந்தவருக்கும் கண்டியில் இறந்தவருக்கும் அதே இடம்தான். கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குக் கிட்டிய தூரம், இராணுவத்தின் மேற்பார்வையில், குடும்பத்தில் ஓரிருவர் மட்டும். அவரவர் ஊர் மையவாடியில், அதாவது முஸ்லிம் மயானத்தில், அடக்கம் செய்ய அனுமதி வந்தது 2022 மார்ச்சில்தான். அந்த ஒரு வருடத்தில் அங்கே 3,600க்கு மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள். அவர்களோடு இருநூற்றைம்பதுக்கு மேல் இந்துக்கள், ஏறக்குறைய அதேயளவு பௌத்தர்கள், கிறிஸ்தவர்களும். தங்களுக்கும் மண்தான் வேண்டும் என்று அவர்களின் குடும்பங்களும் கேட்டிருந்தன. இந்தக் கோரிக்கையை 'அவர்களுடையது' என்று சொல்லித் தள்ளிவைத்த காலமெல்லாம், அதே ஆசையோடு எத்தனை சிங்கள, தமிழ்க் குடும்பங்கள் வாய் திறக்காமல் இருந்திருக்கும்? முன்னர் எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் எண்ணிக்கை 270ஐத் தாண்டும்.

2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நீர்நிலைகளில் செய்த ஆய்வுகளைக் காட்டி, வைரஸ் நீருக்குள் போவது முக்கியமாக மலசலத்தால்தான், பாதுகாப்பான அடக்கத்தால் அல்ல என்று அமைச்சரவைக் குறிப்பே சொன்னது. அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன். ஐம்பதடி நாடா பிடித்த எந்தப் பரிசோதகரையும் 2020 ஏப்ரலில் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார்.

இத்தனைக்கும் இலங்கையில் தடுப்பூசி அணிச் சண்டையாக மாறவில்லை. இதை வெளிநாட்டு நண்பர்கள் நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் கட்சியைச் சொன்னால் ஊசி போட்டாரா என்று ஊகிக்கலாம் என்ற நிலை. இங்கே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் வரிசையில் நின்று போட்டார்கள். எனக்குத் தெரிந்த காரணம் மருத்துவமாது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்கு அவள் பெயர் தெரிந்த ஒரு பெண் நடந்து போகிறாள், பிள்ளை பிறந்த பின்னும் போகிறாள், ஊசித் திகதியை அட்டையில் எழுதுகிறாள். தலைமுறை தலைமுறையாக. அந்தப் பெண் 'போடுங்கள்' என்று சொன்னால் அதில் கட்சி இல்லை. ஜனாஸா விதியோ கொழும்பில் ஒரு மேசையில் பிறந்து வர்த்தமானியாக வந்தது. அந்த மேசையில் யார் இருந்தார்கள், என்ன ஆதாரம் பார்த்தார்கள், எப்போது மறுபரிசீலனை செய்வார்கள் என்று ஒருவருக்கும் சொல்லப்படவில்லை. ஒரு சமூகத்தின் பிணத்தைத் தொடும் விதியை எழுதும் மேசையில் அந்தச் சமூகத்தின் மருத்துவரும் மௌலவியும் இருக்கவேண்டும் என்பது சலுகை அல்ல, தொற்றுத் தடுப்பின் அடிப்படை வேலை. அதுபோல நோயாளியின் மதத்தைச் செய்தியில் போடக்கூடாது. 2020 ஏப்ரலில் தொலைக்காட்சிகள் அதைத்தான் செய்தன. நான் பட்டியல் எடுக்கப் போன வீடுகளில் பாதிப்பேர் பொய் சொன்னதற்கு அதுவும் காரணம்.

அந்த வீட்டு வாப்பாவைப் பற்றிச் சொல்லவில்லையே. ஐந்தாம் நாள் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று கிழமை இருந்து பிழைத்து வந்தார். 2021 நடுப்பகுதியில் அவர்களின் ஊர்ப் பாடசாலையில் தடுப்பூசி போட்ட நாளில், மகன் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினார். மருத்துவமாது அட்டையை எழுதிக்கொண்டிருந்தாள். கிழவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையசைத்துக் கூப்பிட்டார்.

"மகன், அந்த எரிக்கிற சட்டம் மெய்யாவே முடிஞ்சிட்டா?"

"மார்ச்சிலேயே முடிஞ்சிட்டு ஹாஜியார். இப்ப ஓட்டமாவடியில அடக்கிறாங்க."

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "எனக்கு இனி ஏதும் வந்தா வீட்ட வெச்சிருக்காம உடனே கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மேலே சுருட்டினார்.